இருபது கொண்டை ஊசி, நான்கு பிளக்

சேலத்து அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டரில். முப்பது கிலோமீட்டர் பயணத்துக்குள் ஒரு கார் தன் எடையையும் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் எடையையும் 1,200 மீட்டருக்கு மேல் தூக்க வேண்டியிருக்கிறது. சேலத்து ஐந்து ரோட்டிலும் நான்கு ரோட்டிலும் குறையொன்றும் காட்டாமல் ஓடிய பெட்ரோல் கார், ஆறாவது ஏழாவது வளைவில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் திடீரென்று உதறும். மறுபடி அழுத்தினால் மறுபடி உதறும். ‘மிஸ்ஸிங் அடிக்குது’ என்பார்கள் மெக்கானிக்குகள். பெட்ரோலில் தண்ணீர், கிளட்ச் தேய்மானம், ஃபில்டர் அடைப்பு என்று வண்டிக்குள் இருப்பவர்கள் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பல நேரங்களில் காரணம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் ஒரு பொருளின் முனையில் இருக்கிறது.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பெட்ரோல் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் ஸ்பார்க் பிளக் மாற்றுவதை வீட்டு வேலையாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காசு மிச்சமாகும் என்பது அதற்கு ஒரு காரணம்தான், அதுவும் சிறிய காரணம். கழற்றிய பிளக் நம் கைக்கு வரும் என்பதுதான் பெரிய காரணம். எஞ்சினைப் பிரிக்காமல் அதன் உள்ளே என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க, கார் வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் ஒரே நேரடிச் சான்று அது. அந்தச் சான்றைப் பார்க்காமலேயே குப்பைக் கூடைக்கு அனுப்பிவிட்டு, பில்லை மட்டும் வாங்கிக்கொண்டு மலையேறிக்கொண்டிருக்கிறோம். டீசல் ஜீப்பும் பிக்கப்பும் வைத்திருக்கும் தோட்டக்காரர்களுக்கு இது பொருந்தாது. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தும் சூட்டிலேயே எரிபொருள் பற்றிக்கொள்கிறது, அங்கே பொறிக்கு வேலை இல்லை.

மலையில் மட்டும் பிளக் ஏன் காலை வாருகிறது? பேட்டரியின் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் பதினைந்தாயிரம், இருபதாயிரம் வோல்ட் என்று உயர்த்துகிறது. அந்த மின்சாரம் பிளக்கின் நடு முனையிலிருந்து பக்க முனைக்கு ஒரு சிறு இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி பிறக்கிறது. வண்டிக்கு வண்டி 0.7 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும் அந்த இடைவெளியைத்தான் ‘கேப்’ என்கிறோம். குதிப்பதற்கு எவ்வளவு வோல்ட் தேவை என்பது கேப்பின் அளவையும் அதை நிரப்பியிருக்கும் வாயுவின் அழுத்தத்தையும் பொறுத்தது. ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபிரெட்ரிக் பாஷென் 1889-ல் சொன்ன விதி இதற்கு அடிப்படை. தேயத் தேய கேப் அகலும். வண்டி திணறத் திணற அழுத்தம் கூடும். இரண்டும் சேரும் இடத்தில் காயில் தரும் வோல்ட் போதாமல் போகிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுவிடுகிறது. அதுதான் அந்த உதறல்.

‘மலையில் காற்று லேசு, அதனால் பிளக் சரியாகப் பொறி விடாது’ என்று பலர் நம்புகிறார்கள். உண்மை நேர்மாறானது. லேசான காற்றைத் தாண்டுவது மின்சாரத்துக்கு எளிது. ஆனால் சமவெளியில் நிதானமாக ஓடும்போது நாம் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம்தான் திறந்திருப்போம். அப்போது எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதி அளவுக்கே இருக்கும். ஏற்றத்தில் மிதியை அடிவரை அழுத்தினால் வெளிக்காற்று முழுமையாக உள்ளே பாய்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியைவிட 15 சதவீதம் அளவுக்குக் குறைவுதான். ஆனாலும் கொஞ்சம் திறந்து ஓடியபோது இருந்ததைவிட அது வெகு அதிகம். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குள் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைவதால், டர்போ இல்லாத எஞ்சின் அதே அளவு சக்தியையும் இழக்கிறது. அதை ஈடுகட்ட ஓட்டுநர் இன்னும் அழுத்துகிறார். ஆகவே தேய்ந்த பிளக் சேலத்தில் மாதக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும், ஏற்காட்டுச் சாலையில் அதனால் ஒளிய முடியாது.

தேய்மானத்தின் கணக்கும் மலையில் வேறு. பிளக்கை இத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்கிறது வண்டியோடு வரும் கையேடு. பிளக்குக்குக் கிலோமீட்டர் தெரியாது. அது எண்ணுவது பொறிகளை. நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு பொறி. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் மணிக்கு 80 கிலோமீட்டர், நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டரைக் கடக்க முக்கால் நிமிடம் ஆகும். அதற்குள் ஒவ்வொரு பிளக்கும் ஏறத்தாழ 940 முறை பொறி விடுகிறது. மலைச்சாலையில் இரண்டாவது கியரில் மணிக்கு 25 கிலோமீட்டர், 2,000 சுற்று என்றால் அதே ஒரு கிலோமீட்டருக்கு 2,400 பொறிகள். இரண்டரை மடங்கு. இது தோராயக் கணக்குதான், வண்டியின் கியருக்கேற்ப முன்பின் மாறும். ஆனாலும் மலைக்காரர் காரின் மீட்டர் 20,000 என்று காட்டும்போது அதன் பிளக் அதைவிட வெகுதூரம் ஓடியிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. பல கையேடுகளில் ‘கடுமையான சூழல்’ என்று ஒரு தனி அட்டவணை பின்பக்கத்தில் இருக்கும். மலைப்பாதை, தூசி, அடிக்கடி குறுந்தூர ஓட்டம் எல்லாம் அதில் வரும். அந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்கள் குறைவு.

குறுந்தூர ஓட்டம் என்ற அந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அண்ணாமலையார் கோயிலைத் தேடி வெளியூர்க்காரர்கள் வரும் தலைச்சோலையையோ, நாகலூரையோ, மஞ்சக்குட்டையையோ எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கார் தினமும் சேலத்துக்கு இறங்குவதில்லை. பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஏற்காட்டுக் கடைத்தெரு என்று பத்து நிமிடம் ஓடி அணைந்துவிடுகிறது. மார்கழிப் பனியில் குளிர்ந்து கிடந்த எஞ்சின் சூடேறுவதற்கு முன்பே பயணம் முடிந்துவிடும். பிளக்கின் முனை 450, 500 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் மேலே படியும் கரி தானாக எரிந்து போகும். அந்தச் சூட்டை எட்டாவிட்டால் கரி பொருக்குக் கட்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். பொறியாகக் குதிக்க வேண்டிய மின்சாரம் கரி வழியாகவே நழுவிப் போய்விடும். பிறகு ஒருநாள் குடும்பத்தோடு சேலம் போய் அதே பிளக்கோடு முழு ஏற்றமும் ஏற வேண்டும். அப்போது முனை மறுகோடிச் சூட்டைப் பார்க்கிறது. 800 டிகிரியைத் தாண்டினால் பொறிக்கு முன்பே முனையின் தணலில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும் ஆபத்து தொடங்கும். சமவெளிக் காருக்கு அரிதாக வாய்க்கும் இந்த இரண்டு எல்லைகளையும் மலைக் காரின் பிளக் ஒரே வாரத்தில் பார்த்துவிடுகிறது. ஈரம் இன்னொன்று. மூடுபனியும் ஐப்பசி மழையும் காயிலின் ரப்பர் உறையில் விழுந்த சிறு வெடிப்புக்குள் புகுந்து, மின்சாரத்துக்குக் குறுக்குவழி திறந்துவிடும்.

சிக்கல் தோன்றும் இடம் மலை. தீர்க்கும் இடமோ கீழே. கார் கம்பெனிகளின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்கள் இருப்பது சேலத்தில். அரை மணி நேர வேலைக்காக இருபது வளைவு இறங்கி, நாள் முழுக்கக் காத்திருந்து, இருபது வளைவு ஏற வேண்டும். சில நாட்களில் அந்த வழியும் இருக்காது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நிறுத்தப்பட்டதை மலைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குப்பனூர் வழி ஒன்று இருக்கிறது என்றாலும், உதறுகிற வண்டியை எந்த வழியில் இறக்கினாலும் அது மறுபடி ஏறித்தானே ஆக வேண்டும்?

இந்தச் செலவும் அலைச்சலும்கூடப் பெரிதில்லை. பழைய பிளக் என்ன சொன்னது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடுகிறதே, அதுதான் இழப்பு. நன்றாக எரியும் எஞ்சினின் பிளக்கைக் கழற்றினால் நடு முனையைச் சுற்றியிருக்கும் பீங்கான் வெளிர்ப் பழுப்பிலோ சாம்பல் நிறத்திலோ இருக்கும். பாலாடை போட்ட காபியின் நிறம் என்று மலைக்காரர்களுக்குச் சொல்லலாம். உலர்ந்த, விரலில் ஒட்டும் கருங்கரி இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி சூடேறாமலே ஓடுகிறது. கரி ஈரமாகப் பளபளத்து எண்ணெய்ப் பிசுக்கோடு இருந்தால் பிஸ்டன் ரிங்கையோ வால்வ் சீலையோ தாண்டி எஞ்சின் ஆயில் உள்ளே இறங்குகிறது. அது பெரிய செலவின் முன்னறிவிப்பு. பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்து, முனையில் சிறு கொப்புளங்கள் தெரிந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. மலையேறும் வண்டிக்கு இதைவிட அவசரமான சேதி கிடையாது. கூலண்ட் குறைந்திருக்கிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

நான்கு பிளக்குகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போதுதான் முழுக் கதையும் புரியும். நான்கும் ஒரே மாதிரி கறுத்திருந்தால் கோளாறு நான்குக்கும் பொதுவானது. மூன்று பழுப்பாக இருந்து ஒன்று மட்டும் கறுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரைத்தான் தேட வேண்டும். மூன்று அழுக்காக இருக்க, ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் சுத்தமாக இருந்தால் சந்தோஷப்படக் கூடாது. ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலண்ட் கசிந்து, ஆவியாகி, அந்த முனையைக் கழுவிக்கொண்டிருக்கலாம். மேல் பீங்கானில், உலோக உடம்பை ஒட்டி ஒரு பழுப்பு வளையம் தெரிவதைப் பார்த்து ‘கம்ப்ரஷன் லீக்’ என்று பயந்து பலர் நல்ல பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் உயர்மின்னழுத்தம் காற்றிலிருக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்த்து ஒட்டவைத்த கறை. அதனால் கெடுதல் இல்லை. அதே பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கறுப்புக் கோடு ஓடியிருந்தால் விஷயம் வேறு. மின்சாரம் முனைக்குப் போகாமல் வெளிப்புறமாகவே தாவியிருக்கிறது. பிளக்கோடு காயிலின் ரப்பர் உறையையும் மாற்ற வேண்டியிருக்கும். நூறு ரூபாய்ச் சாமான் ஒன்று இவ்வளவு பேசுகிறது. அது பேசும்போது வண்டிக்காரர் பக்கத்தில் இல்லை என்பதுதான் என் ஆதங்கம்.

இது நமக்குப் புதிய வித்தையும் இல்லை. பஜாஜ் சேத்தக்கும் டிவிஎஸ் 50-ம் ஓடிய நாட்களில் பிளக் கழற்றத் தெரியாத ஸ்கூட்டர்காரரைப் பார்ப்பது அரிது. டூல் பாக்ஸில் பிளக் ஸ்பானரும் ஒரு துண்டு எமரித் தாளும் இருக்கும். பெட்ரோலில் ஆயில் கலந்து ஓடிய டூ ஸ்ட்ரோக் எஞ்சின் அடிக்கடி கரி கட்டும். ஓரமாக நிறுத்தி, கழற்றி, தேய்த்து, ஊதி, மாட்டி உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியின் சுருக்கப் பெயரான ‘மைக்கோ’ பிளக்குக்கு மறுபெயராகவே நம் வீடுகளில் புழங்கியது. அந்தக் கம்பெனி 2008-ல் பாஷ் என்று பெயர் மாற்றிக்கொண்ட பிறகும் ‘ஒரு மைக்கோ பிளக் குடுங்க’ என்று கடையில் கேட்டவர்கள் உண்டு. நான்கு வீச்சு எஞ்சின் வந்தது, கரி குறைந்தது, கார் வந்தது, எஞ்சினுக்கு மேல் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி வந்தது. ஒரு தலைமுறையின் கைப்பழக்கம் அந்த மூடியைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மூடிக்குக் கீழே எல்லாம் எலெக்ட்ரானிக்ஸ், கை வைத்தால் போயிற்று என்பது முதல் ஆட்சேபம். பயம் நியாயமானதுதான், ஆனால் அது எதிர்த்திசையில் நிற்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து நான்கு தடித்த வயர்கள் வரும் பழைய கார்களில் வயரை மாற்றிச் செருகிவிடும் அபாயம் இருந்தது. இன்றைய பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் அதற்கென ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு கிளிப், ஒரு பத்து நம்பர் போல்ட், அவ்வளவுதான். அதோடு எலெக்ட்ரானிக்ஸ் நமக்கு ஒரு சாட்சியையும் கொடுத்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பிஎஸ்-6 விதிகளின்கீழ் வந்த கார்களில் எந்த சிலிண்டர் எரியாமல் விடுகிறது என்பதை எஞ்சின் கம்ப்யூட்டரே குறித்துவைக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஒரு சிறு கருவியைச் செருகினால் பி0302 என்று செல்போனில் காட்டும். இரண்டாவது சிலிண்டர் என்று பொருள். இரண்டாவது காயிலையும் மூன்றாவது காயிலையும் இடம் மாற்றிப் போட்டு, ஓட்டிவிட்டு, மறுபடி பாருங்கள். பி0303 என்று மாறினால் காயில் போய்விட்டது. பி0302 ஆகவே நின்றால் முதலில் பார்க்க வேண்டியது பிளக். காயிலுக்கும் பிளக்குக்கும் விலை வித்தியாசம் பெரிது என்பதால் இந்தச் சோதனை தெரிந்திருப்பது நல்லது.

இரண்டாவது ஆட்சேபம் இதைவிடக் கனமானது. சிலிண்டர் ஹெட் அலுமினியம், பிளக்கின் உடம்பு இரும்பு. தப்பாகத் திருகினால் மரை போய்விடும். மரை போனால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோய் இன்சர்ட் போட வேண்டிய நிலைகூட வரலாம். இது உண்மை, இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மரை எப்படிப் போகிறது என்று பார்த்தால் வழிகள் மூன்று நான்குதான், ஒவ்வொன்றையும் பொறுமையால் அடைத்துவிடலாம். சூட்டில் கழற்றுவது முதல் வழி. மலையேறி வந்த எஞ்சின் மணிக்கணக்கில் சூடாக இருக்கும், சூட்டில் விரிந்த அலுமினியம் இரும்போடு சேர்ந்து உரிந்து வரும். ஆகவே இந்த வேலையைக் காலையில், வண்டியைக் கிளப்புவதற்கு முன் செய்ய வேண்டும். அடுத்தது மண். காயிலைத் தூக்கியதும் தெரியும் குழிக்குள் தூசியும் சருகும் கிடக்கும். பிளக்கை அசைப்பதற்கு முன் சைக்கிள் பம்ப்பால் நன்றாக ஊதிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது அத்தனையும் சிலிண்டருக்குள் விழும். குழியில் எண்ணெய் தேங்கியிருந்தால் மேல் மூடியின் கேஸ்கெட் கசிகிறது என்று அர்த்தம். துடைத்துவிட்டுத் தொடரலாம், பிறகு மெக்கானிக்கிடம் காட்டலாம்.

புதிய பிளக்கை இறக்கும் தருணம்தான் முக்கியம். அங்கே ஸ்பானரைக் கீழே வைத்துவிட வேண்டும். பிளக்கின் தலையில் ஒரு சாண் ரப்பர் குழாயைச் செருகி, அதைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் இறக்குங்கள். முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றினால் ஒரு இடத்தில் மரை மரையில் விழும் சிறு ‘டிக்’ விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்ப வேண்டும். கோணலாக ஏறினால் ரப்பர் குழாய் வழுக்கிச் சுற்றும், மரையை வெட்டும் அளவுக்கு அதற்குப் பலம் கிடையாது. ராட்செட்டுக்கு அந்த இரக்கம் இல்லை. பிளக் கைத்திருப்பலிலேயே அடிவரை போய் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பானர். 14 மில்லிமீட்டர் மரையும் வாஷரும் உள்ள சாதாரண பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ரென்ச் இல்லாவிட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்து அரைச் சுற்று, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்குச் சுற்று. புதிய வாஷர் நசுங்கிக் கொடுப்பது கையில் மெத்தென்று தெரியும், பிறகு சட்டென்று கெட்டிப்படும். அங்கே நிறுத்துவதுதான் திறமை. 12, 10 மில்லிமீட்டர் மெல்லிய மரைகளுக்கும், வாஷர் இல்லாத கூம்பு வடிவ இருக்கைக்கும் கணக்கு வேறு, பிளக்கின் பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். மரையில் கிரீஸ் தடவினால் நல்லது என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். வழுக்கும் மரை அதே பலத்துக்கு அதிகமாக இறுகும், அதனால்தான் முலாம் பூசிய பிளக்குக்கு அது வேண்டாம் என்கிறது பிளக் தயாரிக்கும் என்ஜிகே. ஒன்றைக் கழற்றி, மாட்டி முடித்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும்.

இவ்வளவு கவனத்தையும் அவசரமில்லாத காலை நேரத்தில், தன் சொந்த வண்டிக்கு ஒருவரால் தர முடியும். மாலைக்குள் பத்து வண்டி முடிக்க வேண்டிய பட்டறைப் பையனிடம் அதே பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம். மரை போகும் ஆபத்து வீட்டில்தான் அதிகம் என்று எடுத்துக்கொள்ள எனக்குக் காரணம் தெரியவில்லை.

வாரண்டி போய்விடுமே என்பார்கள். சர்வீஸ் சென்டர்கள் அப்படிச் சொல்லியே பழக்கிவைத்திருக்கின்றன. உதிரிபாகங்களையும் பழுது நீக்கும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அபராதம் மேல்முறையீட்டுக்குப் போனது. ஆனால் அந்த உத்தரவிலிருந்த ஒரு கருத்து கார் வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது: வெளியாளிடம் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யும் நிபந்தனை கூடாது, தவறான வேலையால் விளைந்த சேதம் எவ்வளவோ அந்த அளவுக்கு மட்டுமே மறுக்கலாம். 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணையதளத்தைத் தொடங்கியபோது எடுத்துக்கொண்ட துறைகளில் மோட்டார் வாகனமும் ஒன்று. ஆனாலும் நடைமுறையில் ஒரு எச்சரிக்கை உண்டு. வாரண்டி காலத்தில் தகராறு வந்தால் அலையப்போவது நாம்தான். கையேட்டில் இருக்கும் அதே எண்ணுள்ள பிளக்கைத் தெரிந்த கடையில் பில்லோடு வாங்குங்கள். ‘இது கொஞ்சம் ஹாட் பிளக், மலைக்கு நல்லது’ என்று கடைக்காரர் வேறு எண்ணை நீட்டினால் வாங்க வேண்டாம். பிளக்கின் சூட்டு எண் எஞ்சினை வடிவமைத்தவர்கள் தீர்மானித்தது.

மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடலாமா என்று கேட்பவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். பிளக் மாற்றுவது மெக்கானிக்குக்குச் சோறு போடும் வேலை இல்லை. நோயைக் கண்டுபிடிப்பதுதான் அவருடைய வித்தை. ‘வண்டி இழுக்கல, பாருங்க’ என்று சாவியை நீட்டும் வாடிக்கையாளரால் அவருக்குப் பாதி நாள் போகிறது. ‘மூணாவது பிளக்குல மட்டும் ஆயில் அடிக்குதுண்ணே’ என்று சொல்லி, அதைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுப்பவரிடம் அவர் நேரே வேலையைத் தொடங்கலாம். அந்த வேலைக்கு நியாயமான கூலியும் கேட்கலாம்.

இப்போதெல்லாம் இரிடியம் பிளக், லட்சம் கிலோமீட்டர் வரும், இதற்கெல்லாம் அவசியமே இல்லை என்பதையும் பார்த்துவிடுவோம். இரிடியத்தின் உருகுநிலை 2,446 டிகிரி, நிக்கலுக்கு 1,455. அதனால் ஊசிபோல மெல்லிய முனை வைத்தாலும் தேய வெகுகாலம் ஆகும் என்பது சரி. ஆனால் இரிடியத்தின் மேலும் கரி படியும், அது இருக்கும் எஞ்சினிலும் ஆயில் இறங்கும், கூலண்ட் கசியும். லட்சம் கிலோமீட்டர் உள்ளேயே இருந்தால் அதுவரை எந்தச் சேதியும் நமக்கு வராது. மாற்றுவதற்காக இல்லாவிட்டாலும், மலை வண்டியில் ஆண்டுக்கு ஒருமுறை கழற்றிப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டலாம். ஒருமுறை நசுங்கிய வாஷரோடு மாட்டும்போது கைத்திருப்பலுக்குப் பிறகு பன்னிரண்டில் ஒரு பங்குச் சுற்றே போதும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. பழைய ஸ்கூட்டர் பழக்கத்தில் இரிடியம் முனையை எமரித் தாளால் தேய்க்கவோ, கேப் கேஜை நுழைத்து நெம்பவோ கூடாது. அந்த முனை ஒடிந்துவிடும்.

எல்லா வண்டிக்கும் இது வீட்டு வேலை ஆகிவிடாது. இன்டேக் மேனிஃபோல்டு பிளக்குகளை மூடி நிற்கும் எஞ்சின்கள் உண்டு. 2003-ல் இங்கே வந்த ஹோண்டா சிட்டியின் ஐ-டிஎஸ்ஐ எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு எட்டு பிளக். கழற்றும்போது முதல் கால் சுற்றுக்குப் பிறகும் பிளக் முரண்டு பிடித்தால் நிறுத்திவிட்டு, மறுபடி இறுக்கி, மெக்கானிக்கிடம் போவதே அறிவு. ஆனால் தள்ளிப்போடுவதற்கும் எல்லை உண்டு. எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போகும்போது கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் எரிந்து அதை உருக்கிவிடும். பல்லேடியம், ரோடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் உள்ள அந்தப் பாகத்தை மாற்றப் பல ஆயிரங்கள் ஆகும். எஞ்சின் விளக்கு நிலையாக எரிந்தால் வீடு வரை போகலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் எஞ்சின் கடுமையாக மிஸ்ஸிங் ஆகிறது என்று பொருள். கொண்டை ஊசி வளைவில் ‘இன்னும் நாலு வளைவுதானே’ என்று மிதிப்பவர்கள் அங்கேதான் கன்வர்ட்டரைத் தொலைக்கிறார்கள்.

வரும் மழைக்கு முன், எஞ்சின் குளிர்ந்திருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் பானெட்டைத் திறங்கள். நீளமான பிளக் சாக்கெட், எக்ஸ்டென்ஷன், ராட்செட், ஒரு சாண் ரப்பர் குழாய், சைக்கிள் பம்ப். இவ்வளவு போதும். கழற்றிய நான்கு பிளக்குகளையும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதிய காகிதத்தில் வரிசை மாறாமல் வையுங்கள். வெளிச்சத்தில் பார்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்து, தேதியையும் மீட்டர் காட்டும் கிலோமீட்டரையும் காகிதத்திலேயே குறித்துவையுங்கள். அடுத்தமுறை சேலத்துக்கு இறங்கும்போது அந்தக் காகிதத்தையும் வண்டியில் எடுத்துச் செல்லுங்கள்.